வரப்போரமாக நட்ட குச்சிகள்

ஏப்ரல் 19, 1942

காலை ரயிலில் மகள் வடிவு பிள்ளைகளோடு வந்துவிட்டாள். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணத்தில் அவள் தெருவே காலியாம். மாப்பிள்ளைக்கு சர்க்கார் உத்தியோகம், வர முடியாது.

ஏன் நிலம் சும்மா கிடக்கிறது என்று கேட்டாள். பட்டாளத்துக்கு முகாம் கட்ட எடுத்துக்கொள்கிறார்கள், சொர்ணவாரிப் பட்டத்துக்கு உழ வேண்டாம் என்று கிராம முன்சீப் சொல்லிவிட்டார் என்றேன். எங்கள் பாட்டன் திருத்திய கழனி. அளந்து, சிவப்புத் தலைக் குச்சிகளும் அடித்துவிட்டுப் போனார்கள். நான் கிட்டே போய்ப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்கவேண்டும்?

ஏப்ரல் 23

பேரப்பிள்ளைகள் மணவாளனும் பூங்காவனமும் நாள் பூராவும் கழனியில்தான். வடிவு சின்னவளாக இருந்தபோது வரப்பில் கால் வைத்தாலே கத்துவேன். இன்றைக்கு இவர்கள் எந்தப் பயிரை மிதிக்கப் போகிறார்கள்? ஓடட்டும் என்று விட்டுவிட்டேன். பூங்காவனம் மண்ணில் புரண்டு சிரிக்கிறாள்.

ஏப்ரல் 27

ராத்திரி நல்ல மழை. உழவேண்டிய ஈரம்.

ஏப்ரல் 28

பாவிப் பிள்ளைகள். கில்லி ஆடுகிறார்கள் என்று ரசித்துக்கொண்டிருந்தேன். கையில் இருந்தது அளவுக் குச்சி. ஒரு பக்கம் முழுக்கப் பிடுங்கி மாட்டுக்கொட்டகையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

“எங்கேடா இருந்தது இதெல்லாம்?”

“வரிசையா இருந்துது தாத்தா.”

மழையில் குழியெல்லாம் தூர்ந்துவிட்டது. நாளைக் காலையில் முள்கம்பி கட்ட ஆட்கள் வருகிறார்கள். யுத்த காலத்தில் பட்டாளத்துக் குச்சியைப் பிடுங்கினால் சும்மா விடுவானா? வடிவு அழுதாள். “நைனா, அவரு வேலையே பூடும்.”

இருட்டுவதற்குள் நானே நட்டுவிட்டு வந்தேன், வரப்போரமாக. நிலத்தை அளக்கிறவன் வரப்பைத்தானே பார்ப்பான்?

ஏப்ரல் 29

இல்லை. அளந்தவன் வரப்பைப் பார்க்கவில்லை. கோடு கழனிக்குக் குறுக்கே கோணலாகப் போயிருக்கிறது. வேம்புலி குடிசை இருக்கிற மூலையை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. நான் நட்ட குச்சியில் அந்த மூலையும் முகாமுக்குள் போய்விட்டது. அவன் அப்பன் காலத்திலிருந்து எங்கள் கழனியில் உழைக்கிற குடும்பம்.

வேம்புலி ஓடிவந்தான். “ஆண்டே, அன்னிக்கு என் ஊட்ட உட்டுட்டுதான அளந்தாங்க. இன்னிக்கு உள்ள கீதுன்றான். நீ வந்து ஒரு வார்த்தை சொல்லு ஆண்டே.”

போனேன். மேஸ்திரி, “குச்சி இருக்கிற இடம்தான் கணக்கு, பெரியவரே” என்றான். சொல்ல வாய் எடுத்தேன். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். வேம்புலி பின்னாலேயே வந்தான்.

என்ன மனுஷன் நான்?

மே 2

வேம்புலி கூரையைப் பிரித்தான். சாமான் ஏற்ற என் வண்டியைக் கொடுத்தேன்.

மே 3

பிள்ளைகளை வெளியே விடவில்லை. “இன்னா தப்பு பண்ணோம்?” என்று பூங்காவனம் கேட்கிறாள். தப்பு உன்னுடையது இல்லையடி.

ஜூன் 14

பட்டணத்தில் பயம் அடங்கிவிட்டதாம். வடிவும் பிள்ளைகளும் போய்விட்டார்கள். போகட்டும்.

ஜனவரி 15, 1943

பொங்கலுக்கு எல்லோரும் வந்திருக்கிறார்கள். மதியம் வேம்புலி வந்தான். ஆவடி ஸ்டேஷனுக்கு அப்பால், தண்டவாளத்து ஓரத்தில் கோணிக் கூரை கட்டிக்கொண்டு இருக்கிறான். முகாமில் கல் சுமக்கிறான். இளைத்துப்போயிருக்கிறான். மழையில் பெண்சாதி சொர்ணத்துக்கு ஜுரம் வந்தது என்றான். இப்போது எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். “பூட்டா ஆண்டே, ஐப்பசில” என்றான்.

சாவுச் சேதியை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நானும் விசாரிக்கவில்லை.

மடியிலிருந்து ஒரு கில்லியும் கோலும் எடுத்துப் பிள்ளைகளிடம் நீட்டினான். வழவழவென்று சீவியிருந்தான்.

“பூவரசங் கட்டை. நம்ம ஊட்டு நெலைக்கால்ல சீவுனது. ஆடறதுக்குக் குச்சி இல்லன்னா புள்ளைங்க கண்டதையும் புடுங்கும். புள்ளைங்கதான?”

என்னைப் பார்க்கவில்லை, பிள்ளைகளைப் பார்த்துத்தான் சொன்னான். எப்போதிலிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை. இலை போட்டு உட்கார வைக்கச் சொன்னேன். வேலை இருக்கிறது என்று போய்விட்டான்.

சாயங்காலம் மணவாளன் ஓங்கி அடித்தான். கில்லி முள்கம்பியைத் தாண்டி, வேம்புலி குடிசை இருந்த இடத்தில் போய் விழுந்தது. அங்கே துப்பாக்கியோடு ஒருவன் நிற்கிறான்.

பையன் என் வேட்டியைப் பிடித்து இழுக்கிறான். “வேம்புலியாண்ட இன்னொண்ணு சீவித் தரச் சொல்லு தாத்தா.”