கண்ணாடிக் கூண்டு இல்லாத வழி

அன்புள்ள என் வாலுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், இந்த முறை பாதி சுகம் என்றுதான் எழுத முடிகிறது. நீயும் மாப்பிள்ளையும் முழுச் சுகமாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ என்னோடு பேசுகிற நாலு நிமிஷத்தில் இதைச் சொல்ல முடியாது, அதனால்தான் கடிதம். என் கையெழுத்தைப் பார்த்து கோழி கிளறிய மாதிரி இருக்கிறது என்று கேலி செய்வாயே, இந்த ஒரு தடவை பொறுத்துக்கொண்டு கடைசி வரை படி.

வீட்டில் பெரிய சேதி ஒன்றும் இல்லை. அடுப்படிக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, குழாய்க்காரர் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி மூன்று வாரம் ஆகிறது. என் முட்டி வலி அப்படியே இருக்கிறது, மாடிப்படி ஏறும்போது எனக்கு முன்னால் அது முனகுகிறது. அம்மா தையல் கடைக்கு முழு நேரமும் போய் வருகிறாள். அங்கே அளவெடுப்பது இப்போதும் அவள்தான். ஒரு தோள் ஏறி ஒரு தோள் இறங்கியவர்கள், பிள்ளை பெற்று உடம்பு மாறிப்போனவர்கள் எல்லாம் அவளைத்தான் தேடி வருகிறார்கள். டேப்பை எடுத்ததும் இப்போ முதுகைத் தொடறேன், இப்போ இடுப்பைத் தொடறேன் என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவாள். சின்ன வயதில் நீ அந்தக் கடை மேஜைக்கு அடியில் உட்கார்ந்து அதைப் பாட்டு மாதிரி திருப்பிச் சொல்வாய், ஞாபகம் இருக்கிறதா.

எட்டு மாதமாக நீ அவளோடு பேசவில்லை. அதில் உன் தப்பு எதுவும் இல்லை. வயிற்றில் இருந்த பிள்ளை போய், ஆஸ்பத்திரியில் நீ தனியாகக் கிடந்தபோது பெற்றவள் வரவில்லை என்றால் யாருக்குத்தான் மனசு விட்டுப்போகாது. அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு, டாக்டர் பயணம் வேண்டாம் என்றார் என்று நான் சொன்னபோது, நான் செத்தாலும் அம்மாவுக்கு ரத்தக் கொதிப்புதான் வருமா என்று கேட்டாய். அப்போது போன் ஸ்பீக்கரில் இருந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து என் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். பாதி தைத்த சட்டையை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனாள். அவளுக்கு ரத்தக் கொதிப்பு கிடையாது. அது நான் சொன்ன பொய். அதற்கு முன்னால் சொன்ன இன்னொரு பொய்யிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அம்மாவுக்கு மார்பில் சின்னக் கட்டி, எடுத்தாயிற்று, சரியாகிவிட்டது என்று சொன்னோம். கட்டியை மட்டும் எடுக்கவில்லை. இடது பக்கத்தை முழுதாக எடுத்துவிட்டார்கள். நீ அப்போதுதான் அங்கே வேலையில் சேர்ந்திருந்தாய், தெரிந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வருவாய் என்று உன்னிடம் மூச்சு விடக் கூடாது என்றாள். அதற்குப் பிறகு கதவைச் சாத்திக்கொண்டுதான் உடை மாற்றுவாள். பஞ்சும் துணியும் வைத்து அவளே ஒரு திண்டு தைத்து உள்ளே வைத்துக்கொண்டாள். ஊரார் உடம்பின் குறையெல்லாம் தெரியாமல் தைத்தவள் ஆயிற்றே, அவளுடையது யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் அந்தத் திண்டையோ தழும்பையோ காட்டியதில்லை, காட்டு என்று நானும் கேட்டதில்லை. அதைப் பெரிய மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் உன்னைப் பார்க்க வந்தோமே, அப்போது இங்கே பெரிய விமான நிலையத்தில் அந்தக் கண்ணாடிக் கூண்டை வைத்திருந்தார்கள், உள்ளே போய் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி நிற்க வேண்டும், உடம்பில் என்ன ஒட்டியிருந்தாலும் திரையில் காட்டிவிடும். அம்மா நின்றதும் திரையில் இருந்த பொம்மையின் மார்பில் மஞ்சள் கட்டம் விழுந்தது. இரண்டு பெண்கள் அவளைத் தனி அறைக்குக் கூட்டிப் போனார்கள். நான் ஒன்றும் புரியாமல் இந்தப் பக்கம் வந்து பெல்ட்டையும் செருப்பையும் எடுத்துக்கொண்டிருந்தேன். சாம்பல் நிறத் தட்டு ஒன்று தனியாக வந்தது. அதில் வெள்ளைத் துணியில் உருண்டையாக ஒரு திண்டு. யாரோ கழுத்துத் தலையணையை விட்டுவிட்டார்கள் என்று நினைத்து, உதவி செய்கிறேன் பேர்வழி என்று அதைக் கையில் தூக்கிப் பிடித்து, இது யாருதுங்க, யாருதுங்க என்று வரிசை முழுக்கக் கேட்டேன். இரண்டு பேர் சிரித்தார்கள். அம்மா சேலையை இழுத்துப் போர்த்தியபடி அந்த அறையிலிருந்து வந்து, என்னுது என்றாள். விமானத்தில் பதினொரு மணி நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். உன் வீட்டு வாசலில் நீ ஓடி வந்து கட்டிப்பிடிக்கப் போனபோது பையைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா மாறிட்டாப்பா என்று நீ சொன்னாய். நான் பெட்டிகளை உள்ளே தூக்கிப் போனேன்.

நீ உண்டாகியிருக்கிறாய் என்று சேதி வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பிரசவத்துக்கு அம்மாவை அந்தக் கூண்டுக்குள் நிறுத்தாமல் கூட்டி வந்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். முப்பத்தோரு வருஷம் டிக்கெட் ஆபீஸில் உட்கார்ந்து ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் வழி போட்டுக் கொடுத்தவன், என் பெண்டாட்டிக்குப் போட முடியாதா. ஒரு நீள நோட்டு வாங்கினேன். எந்த ஊரில் கூண்டு, எந்த ஊரில் வெறும் நிலைவாசல் மாதிரி நுழைந்து போகிற பழைய கருவி என்று, பழைய ஆபீஸ்காரர்களையும் அவர்கள் அனுப்பிய பயணிகளையும் போனில் பிடித்துப் பிடித்துக் கேட்டு எழுதினேன். பெரிய விமான நிலையம் வேண்டாம், பஸ்ஸில் ஆறு மணி நேரம் போனால் ஒரு சின்ன விமான நிலையம், அங்கே நிலைவாசல்தான். அங்கிருந்து கடலோர ஊர் ஒன்றில் இறங்கி மாற வேண்டும், அங்கேயும் நிலைவாசல். அதற்கப்புறம் உன் ஊர். அம்மா நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, டிக்கெட் மன்னரே, நேரா போற வண்டியே இல்லையா என்று கேலி செய்தாள். நான் அவளுக்காகத்தான் செய்கிறேன் என்று நினைத்தேன். உண்மையில் அந்தத் தட்டை இன்னொரு தடவை பார்க்க எனக்குத்தான் தைரியம் இல்லை.

எட்டாம் மாதத்திலேயே எல்லாம் முடிந்துபோய் மாப்பிள்ளை அழுதுகொண்டே போன் செய்த அன்று, நேர் விமானத்தில் ஏறியிருந்தால் மறுநாள் காலையில் உன் கட்டில் பக்கத்தில் இருந்திருப்போம். அம்மா அதைத்தான் சொன்னாள். நான்தான் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏற்றினேன். சின்ன விமான நிலையத்தைச் சிக்கலில்லாமல் தாண்டி, விமானம் ஏறி, கடலோர ஊரில் இறங்கிப் பார்த்தால், நிலைவாசல் இருந்த இடத்தில் புத்தம் புதுக் கூண்டு, மேலே ஒட்டின பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் உரிக்கவில்லை. என் முகத்தில் ஈயாடவில்லை. அம்மா பையைத் தட்டில் வைத்துவிட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டாள். பரவாயில்லை வாங்க, பிள்ளை தனியா கிடக்குது என்றாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். வேண்டாம், இன்னொரு தடவை உன்னை அப்படிப் பார்க்க முடியாது, திரும்பிடலாம் என்று எல்லோர் முன்னாலும் சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். என்னை அப்படியே விட்டுவிட்டுப் போக அவளால் முடியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்து அடுத்த விமானத்தில் திரும்பினோம். உன்னிடம் வர மாட்டேன் என்றது நான். இந்த எட்டு மாதமாக அந்தப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு அவள் வாயைத் திறக்கவில்லை. நானும் அவளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னை மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் இல்லை, கேட்கவும் மாட்டேன்.

போன திங்கட்கிழமை அம்மா கடையிலிருந்து வரும் வழியில் டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். நேர் விமானம், ஒரே டிக்கெட். நீங்க வீட்டைப் பாத்துக்குங்க, குழாய்க்காரர் வருவார் என்றாள். பெரிய விமான நிலையத்தில் சோதனை செய்யும், தமிழ் தெரியாத அந்தப் பெண்களிடம் சொல்வதற்கு ஒரு வாக்கியத்தை அவர்கள் மொழியில் எழுதி வாங்கி, கண்ணாடி முன்னால் நின்று பழகுகிறாள். தொடுறதுக்கு முன்னாடி சொல்லிட்டுத் தொடுங்க என்பதுதான் அந்த வாக்கியம். நோட்டைக் கேட்டாள், கொடுத்தேன். மிச்சம் இருந்த வெள்ளைத் தாள்களைக் கிழித்து, கடையில் அளவு குறிக்க வைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு உன் ஊரில் இறங்குவாள். கம்பளிக் கோட்டு ஒன்று மறக்காமல் எடுத்துப் போ, அவளுடையது போதாது. நீ இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிட்டதாக மாப்பிள்ளை சொன்னார், மறுபடி ஆரம்பி, அம்மா வந்ததும் முதலில் அதைத்தான் கேட்பாள். அவளிடம் நீ எதையும் விசாரிக்க வேண்டாம், அவளாகச் சொல்லும்போது சொல்லட்டும். கோபம் மிச்சம் இருந்தால் எனக்கு எழுது, எல்லாவற்றையும் படிக்கிறேன். அவள் வெளியே வந்ததும் பையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு இறுக்கிக் கட்டிக்கொள். இடது பக்கம் வலிக்குமோ என்று தயங்காதே. வலிக்குமா என்று நேற்றுத்தான் நான் முதல் தடவையாகக் கேட்டேன். மூன்று வருஷமாகவே வலிக்கவில்லையாம்.

நீங்கள் இருவரும் மனசு தேறி, மறுபடி சிரித்து, நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்
உன் அப்பா