நாலாம் வார்த்தைக்கு நாலு ஊக்கு

கோபம் வந்தால் மூக்கு மட்டும் சிவக்கிற என் சாந்தா மைனிக்கு,

முதலில் மானம் போகிற செய்தியைச் சொல்லிவிடுகிறேன். லெந்து உபவாச நாட்கள் தொடங்கியதிலிருந்து நான் குற்றாலத்துக் குரங்குகளுக்குப் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருக்கிறேன். ஐந்தருவிப் பக்கம் என் பழக்கடையில் வைத்துத்தான். சீசன் இல்லை, ஆள் இல்லை, அதுகளாவது கேட்கட்டும் என்று. ஒரு தாய்க்குரங்கு மட்டும் கடைசிவரை உட்கார்ந்து கேட்கிறது. அதுவும் வாழைப்பழத்தைப் பார்த்துத்தான்.

சபைப் பத்திரிகைக்கு உங்களைப் பற்றி நினைவஞ்சலி எழுதித் தரச் சொன்னார் போதகர் ஐயா. அண்ணன் பெண்டாட்டியைப் பற்றி ஊருக்கு நான் என்ன புதிதாகச் சொல்லிவிடப் போகிறேன்? அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். படிக்கிறவர்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளட்டும். இன்று பெரிய வியாழன். கடையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். எழுத்து கோணினால் திட்டாதீர்கள்.

லெந்து தொடங்கிய சாம்பல் புதன்கிழமை ஆராதனை முடிந்ததும், பெரிய வெள்ளியன்று யார் எந்த வார்த்தை பேசுவது என்று போதகர் ஐயா அறிவித்தார். சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தை, அதற்கு ஏழு பேர், நடுநடுவே பாட்டு. நம் சபையில் என்றைக்கும் உள்ள முறைதானே. மூன்று பேர் பெயர் வரும்வரை நான் நிம்மதியாக விசிறிக்கொண்டிருந்தேன்.

“நாலாம் வார்த்தை, நம்ம சாந்தாம்மா வருஷா வருஷம் பேசினது. இந்த வருஷம் அவங்க நாத்தனார், ஞானக்கனி அக்கா” என்றார்.

கோயிலே சிரித்துவிட்டது மைனி. நெற்றியில் சாம்பலோடு அத்தனை பேரும் சிரித்தார்கள். சொன்ன போதகர் ஐயாவும் சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் அது எந்த வார்த்தை என்பது உறைத்தது.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. நான் வாயைத் திறந்தால் சிரிக்க வேண்டும் என்று இந்தச் சபையைப் பழக்கியதே நான்தான். கல்யாண வீட்டில் சிரிப்பார்கள், கோயில் அசனப் பந்தியில் சிரிப்பார்கள், “சாம்பார் தீந்துபோச்சு” என்று சொன்னாலும் சிரிப்பார்கள். நீங்கள் பிரசங்க பீடத்தில் நின்று பேசும்போதே நான் கீழே இருந்து வாய் கொடுப்பேனே.

“ஞானக்கனி, முழிச்சிருக்கியா?” என்பீர்கள் மேலேயிருந்து.

“கண்ணு மட்டும்தான் மைனி மூடியிருக்கு. காது தொறந்துதான் கெடக்கு.”

உங்கள் மூக்கு சிவக்கும். ஆனால் உதட்டை மடித்துக்கொண்டு சிரிப்பை விழுங்குவீர்கள். அது எனக்கு மட்டும் தெரியும்.

நாளைக்குச் சிரித்தால் யார் விழுங்குவது? பெரிய வெள்ளி மைனி. அதுவும் அந்த வார்த்தை. ‘என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்’ என்று ஆண்டவர் தன் பிதாவைக் கேட்கிற வார்த்தை. நீங்கள் அதைச் சொல்லும்போது மின்விசிறிச் சத்தம்கூடக் கேட்காதது போல இருக்கும். அதை நான் போய்ச் சொல்லி, பின் பெஞ்சில் ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டால்?

அண்ணன் நேற்று வந்திருந்தான். சுரண்டைச் சந்தைக்குக் கத்தரிக்காய் ஏற்றிவிட்டு அப்படியே வந்தானாம். காபி கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டு டம்ளரைப் பார்த்தபடியே சொன்னான்.

“ஏட்டி, நீ என்ன வேணும்னாலும் பேசு. அவ வார்த்தைய மட்டும் சிரிப்பாக்கிராத.”

அவ்வளவுதான். எழுந்து போய்விட்டான். நான் ஏதாவது எகடாசியாகச் சொல்லியிருக்க வேண்டும், இல்லையா? டம்ளரைக் கழுவி வைத்தேன். நீங்கள் போன பிறகு அவன் என்னிடம் பேசியதிலேயே பெரிய பேச்சு அதுதான்.

எதை வைத்து ஆரம்பிப்பது என்பதே தெரியவில்லை. உங்களுக்கு அந்தக் கவலை இருந்ததில்லை. பீடத்தில் கிடக்கிற விரிப்பைத் தடவிக்கொண்டு, “பிள்ளைங்களா, இன்னைக்கு என்ன கலர்?” என்று கேட்பீர்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின வருகையின் ஞாயிறுகளுக்கு ஊதா. கிறிஸ்துமஸுக்கு வெள்ளை. லெந்துக்குத் திரும்ப ஊதா, பெரிய வெள்ளிக்குக் கறுப்பு, ஈஸ்டருக்கு வெள்ளை, பெந்தெகொஸ்தேக்குச் சிவப்பு. அப்புறம் மாசக்கணக்கில் பச்சை. அஞ்சாம் வகுப்போடு நின்ற எனக்கு எது எந்தக் காலம் என்று தெரிந்ததே அந்த விரிப்பைப் பார்த்துத்தான்.

“குத்தாலத்துக்கு மட்டும்தான் சீசன் உண்டாட்டி? சபைக்கும் சீசன் உண்டு” என்பீர்கள். சாரல் விழுந்து மலை பச்சையாகும்போது பீடத்திலும் பச்சை கிடக்கும், அது வளருகிற காலம் என்பீர்கள். எனக்கு அது வியாபாரக் காலம். ஞாயிற்றுக்கிழமைகூடக் கடையை விட்டு வர மனசு வராது. லெந்து வந்தால் அருவி வற்றி வெறும் பாறை தெரியும். “பாத்தியா, அருவியும் உபவாசம் இருக்கு. பாறை எங்கயும் போகலைல்லா, தண்ணி அங்கனதான் திரும்ப வரும்” என்று போன வருஷம்கூடப் பேசினீர்கள். “வராட்டா நான் கடைய மூடணும் மைனி” என்று நான் கீழேயிருந்து சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள்.

இப்போது அந்தப் பாறைக்கு எதிரேதான் உட்கார்ந்திருக்கிறேன். அது எங்கேயும் போகவில்லைதான். ஆனாலும் பார்க்கப் பயமாக இருக்கிறது.

ஆட்டோ முருகேசன் ஒரு நாள் என்னைப் பிடித்துவிட்டான். கீழப்பாவூர்க்காரன், சனிக்கிழமை தவறாமல் நரசிம்மர் கோயிலுக்குப் போகிறவன்.

“எக்கா, யார்ட்ட பேசுத?”

“குரங்குட்ட.”

“என்ன சொல்லுது?”

“ஒன்ன மாதிரிதான். சவாரி வந்தா பாதியில போயிருவேங்குது.”

சிரித்துக்கொண்டே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். சங்கதியைச் சொன்னேன். ஏழு வார்த்தை, அதில் நாலாவது இன்னது, அதை நான் பேச வேண்டும் என்று. அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

“சாமியே அப்படிக் கேட்டுச்சாக்கா?”

“ஆமா.”

“அதுக்கு என்ன பதில் வந்துச்சு?”

நான் யோசித்துப் பார்த்தேன். “பதில் ஒண்ணும் வரலலே” என்றேன். ஒரு சீப்பு பழம் வாங்கிக்கொண்டு போய்விட்டான். எனக்கு அதோடு இருந்த தைரியமும் போய்விட்டது. நீங்கள் ஒவ்வொரு வருஷமும் அதற்கு என்னதான் சொன்னீர்கள் மைனி? நான் முன் பெஞ்சில்தானே இருந்தேன்? ஒரு வரிகூட நினைவில் இல்லையே.

உண்மையைச் சொல்கிறேன். அவர்கள் சிரித்துவிடுவார்கள் என்பது பாதிப் பயம்தான். மீதிப் பயம் வேறு.

உங்களுக்குத் தண்ணீர் என்றால் ஆகாது. ஐந்தருவியில் பெண்கள் பக்கம் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வருவீர்கள். “கைய விட்டுராதட்டி, கைய விட்டுராத” என்று ஜெபம் மாதிரி சொல்லிக்கொண்டே வருவீர்கள். “நிறுவையில ஏமாத்துற கைய நம்பியா வாரிய?” என்று நான் கேட்பேன். அப்போதும் பிடியைத் தளர்த்த மாட்டீர்கள்.

தென்காசி ஆஸ்பத்திரியிலும் அதையேதான் சொன்னீர்கள். நான் விடவில்லை மைனி. நர்ஸ் நகரச் சொன்னபோதுகூட விடவில்லை. நீங்கள்தான் விட்டீர்கள். என் கைக்குள் இருந்த உங்கள் கை தானாக லேசாகிப்போனது. போன டிசம்பரில் உங்களைப் பெட்டியில் வைத்துக் கோயிலுக்குக் கொண்டுவந்த அன்று பீடத்தில் ஊதா விரிப்பு கிடந்தது. காத்திருக்கிற காலத்தின் கலர் என்பீர்களே, அதுதான். எதற்குக் காத்திருக்கிறது என்று யாரைக் கேட்பது?

அதனால்தான் பயம். அந்த வார்த்தையை நான் பேச ஆரம்பித்தால் அது ஆண்டவர் கேட்டதாக இருக்காது. நான் கேட்டதாகிவிடும். ஊர் முன்னால் அழுதுவிடுவேனோ, கத்திவிடுவேனோ, ஒன்றும் தெரியவில்லை. இதற்கு அவர்கள் சிரித்துவிட்டாலே பரவாயில்லை போல.

உங்கள் வெள்ளைச் சேலையைத்தான் கட்டப் போகிறேன். அண்ணன் கொண்டுவந்து கொடுத்தான். நீங்கள் என்னைவிட ஒல்லி, கொசுவம் பத்தவில்லை. முந்தானை நழுவக் கூடாது என்று நாலு ஊக்கு எடுத்து வைத்திருக்கிறேன். நாலாம் வார்த்தைக்கு நாலு ஊக்கு. இதற்காவது சிரியுங்கள்.

தாய்க்குரங்கு வந்துவிட்டது. மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

*

இன்று சனிக்கிழமை. எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். நீங்கள் விடமாட்டீர்கள்.

நேற்று உச்சி வெயிலில் ஆராதனை. கோயில் நிறைந்திருந்தது. மூன்றாம் வார்த்தைக்குப் பிறகு பாட்டுப் பாடினார்களே, அதில் இன்னும் பத்துச் சரணம் இருக்கக் கூடாதா என்று இருந்தது. பீடத்துப் படியில் ஏறினேன். திரும்பி நின்று பார்த்தால் எல்லார் முகத்திலும் அந்தப் பழைய சிரிப்பு தயாராக இருக்கிறது மைனி. பாவம், அவர்கள் வேண்டுமென்று செய்யவில்லை. என்னைப் பார்த்தால் முகம் அப்படிப் போய்விடுகிறது. அண்ணன் மட்டும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

வார்த்தையை மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். கறுப்பு விரிப்பைத் தடவினேன். வாயைத் திறந்தேன்.

“என் மைனியே, என் மைனியே” என்று வந்துவிட்டது.

மீதி வார்த்தை சரியாகத்தான் வந்தது.

திருத்தவும் தெரியவில்லை, இறங்கி ஓடவும் தெரியவில்லை. சிரிப்பு இப்போது வரும், இப்போது வரும் என்று நின்றேன். வரவில்லை. மின்விசிறிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

பிறகு பேசினேன். குரங்குகளுக்குச் சொன்னதில் ஒன்றுகூட வரவில்லை. “எனக்கு இதுக்குப் பதில் தெரியாது. எங்க மைனி இருந்தா சொல்லியிருப்பாவ. நானும் தினம் இதத்தான் கேக்கேன். அவியளக் கேக்கேனா, ஆண்டவரக் கேக்கேனான்னு எனக்கே தெரியல. ஆனா ஆள் இல்லன்னு நெனச்சா யாரும் கேக்க மாட்டோம்லா? இருக்காகன்னுதான கேக்கோம்” என்றேன். அவ்வளவுதான். “ஆமென்” சொல்லவும் மறந்துவிட்டேன். அடுத்த பாட்டு என் பேச்சைவிட நீளம்.

சரியாகச் சொன்னேனா மைனி? இன்றைக்கு நினைத்தால் அதுவும் பயமாகத்தான் இருக்கிறது. படித்தவர்கள் யாராவது வந்து, அது அப்படி அர்த்தம் இல்லை என்றால் நான் என்ன செய்வேன்? போதகர் ஐயா, பச்சை விரிப்புக் காலத்தில் ஒரு ஞாயிறு பேச முடியுமா என்று மட்டும் கேட்டார். சீசன் நேரம், கடை இருக்கிறது என்று சொன்னேன். மாட்டேன் என்று சொல்லவில்லை.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனிமேல் பீடத்து விரிப்பை நான் மாற்றுகிறேன். இன்று சாயங்காலம் அண்ணனும் நானும் போய் வெள்ளை விரிக்கப் போகிறோம். பெந்தெகொஸ்தேக்குச் சிவப்பு, அப்புறம் பச்சை, டிசம்பர் நெருங்கும்போது ஊதா. அந்த ஊதாவை விரிக்க எனக்குத் தெம்பு இருக்குமா தெரியாது. இருந்தாலும் விரிப்பேன். விரித்துவிட்டு, கலர் என்னவென்று பிள்ளைகளைக் கேட்பேன்.

இன்னும் உங்கள் கையைத் தேடுகிற நாத்தனார்,
ஞானக்கனி

ஒன்று விட்டுப்போயிற்று. பீடத்திலிருந்து நான் இறங்கும்போது முந்தானையில் குத்தியிருந்த நாலாவது ஊக்கு கறுப்பு விரிப்பில் மாட்டியிருந்தது. அது எனக்குத் தெரியாது. என் இடத்துக்கு வந்து உட்கார்ந்த பிறகு பார்த்தால் விரிப்பும் கூடவே வந்திருந்தது. விரிப்பின் மேல் இருந்த வேதபுத்தகத்தை மறதியாகக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கியதால் புத்தகம் கீழே விழவில்லை. ஐந்தாம் வார்த்தை பேசினவர் வெறும் பலகையில் கையை வைத்துப் பேசினார். யாரும் சிரிக்கவில்லை. ஆராதனை முடிந்து கோயிலில் எல்லாருக்கும் கஞ்சி ஊற்றும்போது விரிப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.