கிளைசின் நொதியும் இறுகிய மூடிகளும்

மார்ச் 4
லேபுக்குப் புதிதாக வந்த ட்யூப் மூடிகள் சுத்த மோசம். கல் மாதிரி இறுகிக் கிடக்கின்றன. கம்பெனிக்குக் காரசாரமாக ஒரு மெயில் தட்டிவிட்டேன். பக்கத்து பெஞ்ச் சோடாபுட்டிக் கண்ணாடிப் பையன் இரண்டே விரலில் திறந்து கொடுத்துவிட்டு, "சாப்பிட்டுட்டுதான் வந்தீங்களாக்கா?" என்றான். கொழுப்பு!

மார்ச் 6
மகள் இன்னொரு கண்ணாடி டம்ளரை உடைத்தாள். ஒரு மாதத்தில் இது மூன்றாவது. பதினாலு வயது. "கையில எலும்பு இருக்கா இல்லையாடி?" என்று கத்தினேன்.

மார்ச் 11
விரல்கள் மெல்ல மெல்லப் பலம் இழக்கும் ஒருவரின் ரத்தம் லேபுக்கு வந்தது. செல்லுக்குள் புரதம் கட்ட, டிஆர்என்ஏ மூலக்கூறுகள் அமினோ அமிலங்களைச் சுமந்து வர வேண்டும். சுமையை ஏற்றிவிடுபவை நொதிகள், ஒவ்வோர் அமிலத்துக்கும் ஒன்று. இவருக்கு கிளைசின் என்ற அமிலத்தை ஏற்றும் நொதியின் மரபணுவில் பழுதா என்று பார்க்க வேண்டும். ஒப்பிட ஓர் ஆரோக்கியமான ஆளின் ரத்தம் வேண்டுமே, வழக்கம்போல் என் கையையே நீட்டினேன்.

மார்ச் 18
அவருக்குப் பழுது இருக்கிறது. என் சாம்பிளிலும் அதே பழுது!
இரண்டு சாம்பிளையும் கலந்துவிட்டேன். நான்தான் கலந்து தொலைத்திருக்கிறேன். லேப் தலைவி திட்டவில்லை. "புதுசா ரத்தம் குடு. இந்தத் தடவ நீ தொடாத" என்றாள். தவறு செய்தவளாகவே இருந்துவிட்டுப் போகிறேன், கடவுளே.

மார்ச் 19
அப்பா எப்போதும் அம்மாவைத்தான் சட்டைப் பொத்தான் போடச் சொல்வார். செல்லம் கொஞ்சுகிறார் என்று சிரிப்போம்.

மார்ச் 25
சோடாபுட்டி என் புது ரத்தத்தில் தனியாகச் செய்து பார்த்தான். கலக்கவில்லை. பழுது எனக்குத்தான்.
எனக்கு வந்தா வந்துட்டுப் போகுது. மகளுக்கு? பாதிக்குப் பாதி வாய்ப்பு. அந்த டம்ளர்கள்... எப்படியெல்லாம் கத்தினேன், பாவி.

மார்ச் 29
டாக்டர் மகளுக்கு எல்லாவற்றையும் விளக்கினார். ரத்தம் கொடுக்கச் சம்மதித்தாள். திரும்பும் வழியில், "அப்ப டம்ளர் உடைஞ்சது என் தப்பில்லையாம்மா?" என்றாள்.

ஏப்ரல் 9
மகளின் ரிசல்ட் இன்னும் வரவில்லை.

ஏப்ரல் 16
அவளுக்கு இல்லை. டாக்டர் இரண்டு முறை சொன்னார். மூன்றாவது முறையும் சொல்ல வைத்தேன்.
ட்யூப் கம்பெனிக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன்.

ஏப்ரல் 17
காலையில் போனைப் பார்த்துக்கொண்டே ஒரு டம்ளரை உடைத்தாள். "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று ஆரம்பித்து வாயாரத் திட்டினேன். "என்னம்மா, திட்டிக்கிட்டே சிரிக்கிற?" என்றாள்.
பிறகு காபித்தூள் பாட்டிலை அவளிடம் நீட்டினேன். ஒரே திருகில் திறந்து கொடுத்தாள்.