கையை ஊன்றாமல் எழுவது

என் மதிப்புக்குரிய 'என்னங்க'வுக்கு,

கும்பிட்டுக்கொள்கிறேன். உங்கள் இருமலும் அத்தையின் முழங்கால் வலியும் எப்படி இருக்கின்றன? நான் நலம்.

இங்கே முதியோர் இல்லத்தில் நான் பார்த்துக்கொள்ளும் வயதான அம்மாக்களுக்கு உடற்பயிற்சி சொல்லித்தர ஒரு டீச்சர் வருகிறார். நடப்பது நல்லதுதான், ஆனால் தடுமாறுகிறவர்களுக்குத் துணை வேண்டும். தண்ணீரில் செய்தால் மூட்டுக்குச் சுகம், அதற்கு நீச்சல் குளத்துக்கு எங்கே போவது. நாற்காலிப் பயிற்சிதான் இவர்களுக்குத் தோது என்றார். கையை ஊன்றாமல் எழுந்து காட்ட என்னைக் கூப்பிட்டார். பகலெல்லாம் இவர்களைத் தூக்கி உட்காரவைக்கிறவள்தானே என்று ஜம்பமாக உட்கார்ந்தேன். எழ முடியவில்லை, போங்கள்! இருப்பவர்களிலேயே மூத்த அம்மா தள்ளாடி வந்து கை கொடுத்தார். "தூக்கிவிடுறவளையே தூக்கிவிட வேண்டியதாப் போச்சே!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

பயப்படாதீர்கள், வெறும் அசதி. யாராவது இந்தப் பக்கம் வந்தால் வலித் தைலமும் என் பழைய காட்டன் புடவை ஒன்றும் கொடுத்தனுப்புங்கள். உடுத்த இல்லை, இடுப்பைச் சுற்றி இறுக்கிக்கொள்ள.

அத்தையைத் தினமும் நாற்காலியில் உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். நீங்கள் எதிரில் நின்று கையை நீட்டுங்கள். அத்தை பற்றிக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை, நீட்டியபடியே நில்லுங்கள்.

அம்மாக்களில் யாரோ என்னைக் கூப்பிட்டு மணி அடிக்கிறார்கள். எழுந்திருக்க வேண்டும்.