தெமிர் என்று கூப்பிட்டேன்

அத்பாஷி,
ஏப்ரல் 20

அல்தினாயின் அப்பாவுக்கு, புருல் வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே அத்தை, உங்கள் அண்ணன், குழந்தை, முப்பத்தெட்டு ஆடுகள் எல்லோரும் சுகம். உங்கள் சுகத்துக்கும், உங்களோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் குபாத் அண்ணன் சுகத்துக்கும் எழுதுங்கள். தபாலாபீஸ் போன் பனியில் செத்துக் கிடக்கிறது. அதனால் நோவோசிபிர்ஸ்க் போகும் லாரிக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பாதி படித்துவிட்டுச் சட்டைப் பைக்குள் செருகுவது உங்கள் வழக்கம். இந்தத் தடவை அது வேண்டாம், கடைசிவரை படியுங்கள்.

சுழிக்கொம்பு ஆடு இரட்டைக் குட்டி போட்டது. அத்தைக்கு முழங்கால் வலி பரவாயில்லை, வாய் அதைவிட நன்றாக இருக்கிறது. அல்தினாய் சுவரைப் பிடித்து நிற்கிறாள். பேச்சு இன்னும் வரவில்லை, அதட்டல் மட்டும் வந்துவிட்டது. யாரைக் கொண்டிருக்கிறாள் என்று நான் சொல்ல வேண்டுமா?

இனி உங்கள் நாய்க்குட்டி விஷயம்.

அங்கே வேலைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் கோட்டுக்குள் வைத்துத் தூக்கிவந்தீர்களே, அந்த வெள்ளைக்குட்டி. “நீலக் கண்ணைப் பாரு, உடம்புல ஒரு கறுப்பு முடி கிடையாது, இந்தப் பள்ளத்தாக்குலயே இப்படி ஒண்ணு இல்ல” என்று சாப்பிடக்கூட மறந்து பேசினீர்கள். வளர்ப்புக்காரர் தோலோமுஷ் அதற்குத் தெமிர் என்று பெயர் வைத்திருந்தார். அதுவே இருக்கட்டும் என்றீர்கள். உங்கள் அண்ணன் பெயரும் தெமிர் என்பது உங்களுக்குச் சிரிப்பு. எனக்கல்லவா சங்கடம்! புருஷனின் அண்ணன் பெயரை மருமகள் வாயால் சொல்லலாமா? அந்தச் சொல்லுக்கு இரும்பு என்றும் அர்த்தம் இருக்கிற பாவத்துக்கு, கல்யாணமான நாளிலிருந்து இரும்பு அடுப்பைக்கூட ‘அந்தக் கறுப்பு’ என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆகவே குட்டியை ‘வெள்ளையா’ என்று கூப்பிட்டேன். மகன் பெயரை நாய்க்குச் சொல்ல அத்தைக்கு மனசில்லை. தன் பெயரைத் தானே கூவ அண்ணனுக்கு என்ன பைத்தியமா? குழந்தைக்கோ பேச்சு வரவில்லை. ஆக மொத்தம் இந்த வீட்டில் அவனை அவன் பெயர் சொல்லி ஒருத்தரும் கூப்பிடவே இல்லை.

கூப்பிட்டால் வரமாட்டான். “வேற பேரச் சொல்லிக் கூப்பிட்டா எப்படிடி வருவான்?” என்பார் அத்தை. எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. பகலெல்லாம் நம் கிழட்டுக் கறுப்பியின் வாலைப் பிடித்துக்கொண்டு திரிவான். அவள் ஓடினால் ஓடுவான், அவள் குரைத்தால் குரைப்பான். இப்படியே மூன்று மாதம் போய்விட்டது.

போன வாரம் ஒரு மத்தியானம் தொழுவக் கூரையிலிருந்த பனி மொத்தமும் தகரத்தோடு சரிந்து விழுந்தது. கோழிகள் பறந்தன, குழந்தை வீறிட்டாள், கறுப்பி தொழுவத்தையே சுற்றி வந்து குரைத்தாள். இவன் உள்ளே வைக்கோல் குவியல் மேல் தூங்கிக்கொண்டிருந்தான். ஒரு காது அசையவில்லை. அப்போதிலிருந்து என் மண்டையைக் குடைய ஆரம்பித்தது.

வேலையை எல்லாம் போட்டுவிட்டு அவனையே சோதித்துப் பார்த்தேன். தகரப் பேசினைத் தட்டினேன், திரும்பினான். அடடா, வீணாகச் சந்தேகப்பட்டோமே என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால் என் காலடி பட்டுப் பலகைத் தரை அதிர்ந்ததைத்தான் உணர்ந்திருக்கிறான். மறுநாள் கனமான கம்பளத்தில் தூங்கவைத்து, காற்று அவன் பக்கமிருந்து என் பக்கம் வரும்படி நின்றுகொண்டு கை தட்டினேன். ஒன்றுமில்லை. குனிந்து காதோரம் கத்தினேன். ஒன்றுமில்லை. முதுகு முடியில் மெல்ல ஊதினேன், துள்ளி எழுந்தான்! அத்தை வாசலில் நின்று பார்த்துவிட்டு, “என் மருமகளுக்குப் பித்துப் பிடிச்சிருச்சு. பேரு தப்பு, அவ்வளவுதான்” என்றார்.

சரி, பெயர்தானே? முற்றத்து நடுவில் போய் நின்றேன். கண்ணை மூடிக்கொண்டு, தொண்டை கிழிய, “தெமிர்!” என்று கத்தினேன்.

தொழுவத்திலிருந்து உங்கள் அண்ணன் கையில் வாளியோடு ஓடிவந்தார். அத்தை கையிலிருந்த டீக்கிண்ணம் விழுந்து உடைந்தது. நாய் மட்டும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பழைய பூட்ஸைக் கடித்துக்கொண்டிருந்தது. வெட்கத்தில் எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் அண்ணன் என்னைப் பார்க்கவில்லை, நாயைப் பார்த்தார். பின்னால் போய்த் தானே, “டேய் தெமிர்!” என்றார். அப்புறம் வாளியைக் கீழே வைத்துவிட்டு, “புருல், இவனுக்குச் சுத்தமா காது கேக்கலம்மா” என்றார்.

கால்நடை டாக்டர் சைரா வந்து பார்த்தார். பிறவியிலேயே கேட்காதாம். வெள்ளையோடு வெள்ளையைச் சேர்த்துக்கொண்டே போனால் சில குட்டிகளுக்குக் காதின் உள்ளேயும் நிறம் இல்லாமல் போய்விடுமாம், அப்படிப் போனால் கேட்காதாம். காதுக்குள் நிறமா! நான் அல்தினாயின் காதுக்குள் எல்லாம் எட்டிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. கண்டதையும் குடையாதே என்று சைரா சிரித்தார்.

மறுநாளே அண்ணனும் நானும் நாயைத் தூக்கிக்கொண்டு தோலோமுஷ் வீட்டுக்குப் போனோம். புதுக் குட்டிகள் ஐந்து இருந்தன. அவர் கிண்ணத்தைத் தட்டினார், ஐந்தும் பாய்ந்து வந்தன. “பாத்தியா, எல்லாத்துக்கும் காது கத்தி மாதிரி” என்றார். நான் ஒவ்வொன்றாக வைக்கோல் கொட்டகைக்குப் பின்னால் தனியாகத் தூக்கிப்போய்க் கை தட்டினேன். நாலு திரும்பின, ஒன்று திரும்பவில்லை. கூட்டத்தோடு ஓடிவரும்போது அது எப்படி வெளியே தெரியும்?

அவருக்கும் கோபம் வந்துவிட்டது. “உன் புருஷன் இங்க வந்து என்ன கேட்டான் தெரியுமா? ‘இருக்கறதுலயே வெள்ளை எது?’ன்னு கேட்டான். காது கேக்குமான்னு ஒரு வார்த்தை கேட்டானா? குட்டியோட அப்பனைக் காட்டுன்னானா, ஆத்தாளைக் காட்டுன்னானா? வெள்ளை வேணும், வெள்ளை வேணும்னு நீங்கதானே வந்து நிக்கிறீங்க” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. பொய்யென்று சொல்ல முடியவில்லையே. ஆனாலும் விடவில்லை. “அவர் கேக்கல, சரி. உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?” என்று கேட்டேன். நாலாவது வாரமே தெரியும் என்றார். மற்றவை விழித்து ஓடிய பிறகும் தூங்கிக்கொண்டே இருப்பது எது என்று பார்த்தால் போதுமாம். இதை விட்டுவிட்டு வேறு குட்டி எடுத்துக்கொள் என்றார். இவனை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “அத நான் பாத்துக்கறேன்” என்றார். அவர் கண் சுவரில் மாட்டியிருந்த துப்பாக்கிப் பக்கம் போனது. நான் நம் குட்டியை இழுத்து அணைத்துக் கோட்டால் மூடிக்கொண்டேன்.

அடுத்த வருஷம் குட்டிகளின் அப்பனான வெள்ளை நாயைக் கறுப்புப் பெட்டையோடுதான் சேர்ப்பாராம். நம்புவதா என்று தெரியவில்லை. அடுத்த வசந்தத்தில் ஒருநாள் சொல்லாமல் போய்ப் பார்க்கப் போகிறேன்.

இதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன்: நம் குட்டியோடு பிறந்ததில் இன்னொன்றுக்கும் காது கேட்காது. அதையும் தோலோமுஷே சொன்னார். அது குபாத் அண்ணன் வாங்கிய பெட்டைக்குட்டி. நீங்கள் கைகாட்டி வாங்கியது. கணவாய்க்கு அந்தப் பக்கம் அவர் ஊரில், மே மாதம் பிறந்ததும் அவர் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அந்த நாயை நம்பி ஆட்டை மலை மேய்ச்சலுக்கு ஓட்டிப் போய்க் கூடாரம் போடுவார்கள். அவர்களுக்கு வேறு நாய் கிடையாது. காற்று மாறி அடித்தால் ஓநாய் கூடாரத்து வாசலுக்கு வந்தாலும் அது குரைக்காது. கணவாய் இன்னும் திறக்கவில்லை, என்னால் போக முடியாது. அவர் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் போன் இருக்கிறதாம். குபாத் அண்ணன்தான் பேச வேண்டும். தூங்கும்போது பின்னால் நின்று கை தட்டிப் பார்க்கச் சொல்லட்டும். நாயைக் கொன்றுவிட வேண்டாம், வீட்டோடு வைத்துக்கொண்டு காவலுக்கு வேறு நாய் தேடட்டும். குட்டி போடவும் விட வேண்டாம்.

நம்மவன் இங்கேதான் இருப்பான். வெள்ளைத் துணியை ஆட்டினால் வருகிறான், தரையை மிதித்தால் எழுந்திருக்கிறான். என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுப்பதில்லை. ஐந்து வருஷத்தில் நீங்கள் பார்த்ததை எல்லாம் கூட்டினாலும் அவ்வளவு வராது.

அந்த அறையில் எல்லோரிடமும் இந்த நாயைப் பற்றி நீங்கள் எவ்வளவு பெருமையடித்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். இப்போது குபாத் அண்ணன் முன்னால் போய், “நான் நிறத்தைத்தான் பாத்தேன், வேற ஒண்ணும் பாக்கல, உன்னையும் வாங்க வெச்சிட்டேன்” என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்றும் தெரியும். உங்கள் அம்மா காது கேட்க, உங்கள் அண்ணன் பெயரை முற்றத்தில் நின்று கத்தியவள் நான். இன்னும் அத்தை என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அந்தப் பெட்டைக்குட்டிக்காகவும் அந்தப் பிள்ளைகளுக்காகவும் கேட்கிறேன், கடிதத்தை மடிக்கும் முன்னால் எழுந்து போய்ச் சொல்லிவிடுங்கள்.

கடவுள் உங்களைச் சுகமாக வைக்கட்டும். குபாத் அண்ணன் வீட்டு மலையில் யாருக்கும் ஒன்றும் ஆகாமல் காக்கட்டும்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
புருல்