அடைகல்லில் மூன்று தட்டு

1975 நவம்பர் 13, வியாழன்
மகன் குடியேறின இந்த நாட்டின் பிரதமரை ஆளுநர் பதவியிலிருந்து கலைத்து இரண்டு நாள். மகன் வேலையால் வந்ததும் ரீவிக்கு முன்னால். சாப்பாடும் அங்கேதான். காலையில் மழை, மத்தியானம் வெயில், திரும்பக் குளிர். முழங்கால் உளைவு.

டண்டினொங் சந்தையில் ஒரு பறங்கிப் பெண் மருமகளை மறித்து ஊர் கேட்டாள். பதுளை என்றதும் விடவில்லை, தன் ஊரும் அதுவாம். டொரிஸ் நோனா. எங்கள் பழைய பட்டறை மேஸ்திரி ஹென்றி பாஸின் மகள். பாஸ் உயிரோடு இருக்கிறார். எண்பது தாண்டிவிட்டதாம். ஞாயிறு வரச் சொன்னாள்.

வெண்காயம் வாங்க மறந்து வந்தோம்.

14, வெள்ளி
நாங்கள் ஒன்றாக வேலை செய்தது ஐம்பது வருடத்துக்கு முன்னம், பதுளைக்கு ரயில் வந்த வருடம். துரையின் குதிரைக் கோச்சுவண்டிப் பட்டறை. பாஸ் வண்டி கட்டுவார். என் அண்ணன் செல்லையா குதிரைக்கு லாடம் அடிப்பான். நான் கடிவாளம் பிடிப்பேன். எல்லாம் ஒரே முற்றம்.

பழுக்கக் காய்ந்த இரும்புப் பட்டையை வண்டிச் சில்லில் ஏற்றித் தண்ணீர் ஊற்றினால் சீறும். குதிரை வெருளும். ஆகவே ஊற்ற முன்னம் பாஸ் இரும்பு வைத்து அடிக்கும் அடைகல்லில் சுத்தியலால் மூன்று தட்டு. கேட்டதும் அண்ணன் குதிரையின் காலை விட்டு விலக வேண்டும்.

அன்று தண்ணீர் சீற, குதிரை உதைத்தது. அண்ணனின் நெஞ்சில். பொழுதுபட முன்னம் அண்ணன் போய்விட்டான். பாஸ் தட்டவில்லை என்று துரை அவரை வேலையால் நிற்பாட்டினார். செத்தவீட்டில் அம்மா அவர் முகத்துக்கு நேரே மண் அள்ளித் தூற்றினாள். அம்மாவின் முன்னால் சொல்ல முடியவில்லை; மறுநாள் நடந்ததைப் பாஸிடம் சொல்லப் போனேன். பாஸ் ரயிலேறிவிட்டார்.

எழுத்துக் கூட்டி எழுதக் கை நோகிறது.

16, ஞாயிறு
மகன் காரில் கொண்டுபோய் விட்டான். பாஸ் கதிரையில் சாய்ந்தபடி, போர்வைக்குள். கண்டதும் என்னை அடையாளம் பிடித்துக்கொண்டார்.

"செல்லையாட தம்பி. மீசை எங்கடா, குதிரை தின்னுட்டுதா?"

நோனா குசினியில் அடுப்படிக்குக் கூப்பிட்டுச் சொன்னாள். அப்பா எந்த நாளும் தண்ணீர் குடிக்க முன்னம் கதிரையில் மூன்று தட்டுத் தட்டுவாராம். காரணம் சொல்வதில்லை. இந்தக் கிழமை முழுக்கத் தட்டிக்கொண்டே இருக்கிறார், குடிப்பதில்லை. டொக்டர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரச் சொல்கிறார்.

திரும்பிப் போய்ப் பக்கத்தில் இருந்தேன். அவரே கேட்டார்.

"நான் தட்டினேனா, இல்லியா? எனக்கு ஞாபகம் இல்லடா. எல்லாரும் இல்லன்னாங்க."

"தட்டினீங்கள் பாஸ். மூண்டு தரம். அண்ணனுக்கும் கேட்டது. 'பொறு, ஒரு ஆணி' எண்டவன்."

ஆணி முனை குளம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அதை முறிக்காமல் விட்டால் குதிரை தன் மற்றக் காலைக் கிழித்துக்கொள்ளும். அதற்காகத்தான் பிடித்தபடி நின்றான். அதையும் சொன்னேன்.

பாஸ் என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"நீ நல்ல பிள்ளை. கிழவனுக்கு ஆறுதல் சொல்ற. வேற யாருக்குக் கேட்டுச்சு?"

தண்ணீர் குடிக்கவில்லை. நோனா கேக் தந்தாள். இனிப்பு அதிகம்.

17, திங்கள்
காற்று. உடுப்புக் காயவில்லை.

அன்று முற்றத்தில் நின்றவர்கள்: துரை, சீமைக்குப் போய்ச் செத்தார். வர்ணம் பூசும் சாயிபு, காய்ச்சலில். தோல் வேலைச் சைமன், போன தையில். துருத்தி ஊதின கந்தன், எப்போதோ.

இன்னொருத்தி. சில்லுக்குக் குடத்தால் தண்ணீர் ஊற்றினவள். மூன்றாவது தட்டுக் கேட்டால்தான் குடத்தைச் சரிப்பாள். அன்றும் சரித்தாள். போன வருடம் தோட்டத்துச் சனம் என்று குடும்பத்தோடு கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். கோத்தகிரியில் இருக்கிறாள், மகளோடு. மகனுக்குச் சொன்னேன், அன்று மூன்று தட்டும் கேட்டதா என்று இன்றைக்கே தந்தி அடி என்று. யாருக்கு என்று கேட்டான்.

மாரியாயி.