பதினாலாம் பாடத்தில் உன் பெயர்

என் பிரியமான ஜெசிந்தாக்கா,

கம்ப்யூட்டர் திரையில் பதினாலாம் பாடத்துக்கு நேரே உன் பெயர் இருந்தது. இன்று காலை என் கண்ணில் முதலில் பட்டது அதுதான். அந்தப் பாடத்தை அடித்த வாரம் நீ மஞ்சள்காமாலையோடு பெரியாஸ்பத்திரியில் படுத்திருந்தாய். பிறகு எப்படி அக்கா உன் பெயர் அங்கே வந்தது?

போன வாரம் உன் முப்பதாம் நாள் பூசையில் ஒவ்வொருவராக எழுந்து உன்னைப் பற்றிப் பேசினார்கள். நான் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் திறக்காது என்று உனக்குத் தெரியுமே. அதனால் எழுதுகிறேன். இதை நம் கம்ப்யூட்டர் சென்டர் பலகையில் ஒட்டப் போகிறேன். எல்லோரும் படிக்கட்டும்.

தபாலில் படிக்கிற பெண்களுக்காகக் கல்லூரிக்காரர்கள் கொடுத்த சத்துணவுப் பாடங்களை நீயும் நானும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து இணையத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு வரிக்கும் முன்னும் பின்னும் டேக் என்று ஒரு அடையாளக் குறி போட வேண்டும். இது தலைப்பு, இது விளக்கம், இது கேள்வி என்று. அந்த டேக்கைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் தேடிக் கொடுக்கும்.

என் கை கல்யாணப் பத்திரிகை அடித்த கை. தடித்த எழுத்தில் இருந்தால் அது தலைப்பு, அவ்வளவுதான். ஒரு நாள் என் திரையை எட்டிப் பார்த்து நீ சிரித்தாயே.

"ஏ பாண்டி, கால்சியத்துக்குக் கல்யாணமாடி? இம்புட்டுப் பெருசா தலைப்புல போட்டிருக்க! இது விளக்கம்டி. எழுத்தைப் பாக்காத, என்ன சொல்லுதுன்னு படி."

நான் "ம்" என்றேன். ஒன்பதாம் வகுப்பில் நின்றவள், படித்தும் எனக்குப் புரியவில்லை என்று உன்னிடம் சொல்ல வெட்கம். அந்தப் பாடத்தை நீயே சரிசெய்தாய். அடுத்த வாரம் படுத்துவிட்டாய். பதினாலிலிருந்து இருபத்தொன்று வரை நான் தனியாக அடித்தேன். தடித்த எழுத்தில் இருந்த விளக்கத்துக்கெல்லாம் தலைப்பு டேக்தான் போட்டேன்.

இன்று கல்லூரி மேடம் பார்க்க வந்தார்கள். வெளியே உன் தங்கை ரோஸி நின்றுகொண்டிருந்தாள். உன் இடத்தில் அவளைச் சேர்த்துக்கொள்வதாக நம் சென்டர் சார் சொல்லியிருந்தார். உன் சாப்பாட்டுப் பையைத்தான் தோளில் மாட்டியிருந்தாள்.

விளக்கம் என்ற கட்டத்தில் மேடம் 'ரத்தசோகை' என்று அடித்தார்கள். ஒன்றும் வரவில்லை. மறுபடி அடித்தார்கள். வெறும் வெள்ளைத் திரை.

"அடுத்த மாசம் பிள்ளைங்களுக்குப் பரீட்சை. ரத்தசோகைன்னா என்னன்னு தேடுனா ஒண்ணுமே இல்லைன்னு வருது. இதை நம்பி எப்படிப் படிப்பாங்க?"

சார் முகம் கறுத்துவிட்டது. தப்பான பாடங்களை யார் அடித்தது என்று தேடினார். எட்டுப் பாடங்கள் வரிசையாக வந்தன. எட்டுக்கும் நேரே ஜெசிந்தா, ஜெசிந்தா, ஜெசிந்தா.

"போய்ச் சேந்த பிள்ளையச் சொல்லக் கூடாது. ஆனா இப்பிடியா கண்ணை மூடிக்கிட்டுச் செய்யும்?" என்றவர் வாசலைப் பார்த்தார். "ரோஸி, கொஞ்ச நாள் போகட்டும்மா. பொறவு பாப்போம்."

"எங்கக்கா அப்பிடிச் செய்யாது சார்."

"இந்தா பேரு இருக்குல்ல? கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புதுப் பாடம் தொடங்கும்போதெல்லாம் நான் உன் ஃபைலைக் காப்பி எடுத்து, உள்ளே இருப்பதை அழித்துவிட்டு அடிப்பேன். மேலே 'தட்டச்சு செய்தவர்' என்று ஒரு வரி இருக்கும். அதை நான் தொட்டதே இல்லை. அழிந்துவிட்டால் எல்லாம் கெட்டுப்போகும் என்று பயம். என் எட்டுப் பாடமும் உன் பெயரில் நின்றது.

சும்மா இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது அக்கா. இந்த வேலையும் போனால் எனக்கு வேறு எங்கே கிடைக்கும்? அதையும் நினைத்தேன். உன்னிடம் பொய் எழுத மாட்டேன். ரோஸி படியில் இறங்கும் சத்தம் கேட்டது. ஒரு படி. இரண்டு படி.

"சார், அது நான்."

"என்னது நான்?"

"அந்த எட்டும் நான் அடிச்சது. அப்ப அக்கா ஆஸ்பத்திரில இருந்துச்சு. அக்கா ஃபைலைக் காப்பி எடுத்தேன். பேர மாத்தல."

சார் விரல் விட்டு வாரங்களை எண்ணிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார். "ஒம்பதாங்கிளாஸ் பிள்ளைய நம்பிக் குடுத்தேன் பாரு, என்னையச் சொல்லணும்." "வெள்ளிக்கிழமை மறுபடி வரேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு மேடம் எழுந்தார்கள்.

"அதுக்குள்ள எட்டையும் சரி பண்ணு. நீ இருக்கியா போறியான்னு வெள்ளிக்கிழமை பேசுவோம்," என்றார் சார். ரோஸியைத் திரும்பக் கூப்பிட்டு உன் நாற்காலியைக் காட்டினார்.

அவள் உட்கார்ந்தாள். எனக்கு நன்றி சொல்வாள் என்று நினைத்தாயா? நானும் நினைத்தேன்.

"இம்புட்டு நேரம் ஏன்டி சும்மா நின்ன?" என்றாள்.

நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய் அக்கா?

இனி ஒரு வரியையும் படித்துப் புரிந்துகொள்ளாமல் டேக் போட மாட்டேன். புரியாவிட்டால் கேட்பேன். ரோஸியிடமாவது கேட்பேன். நீ செய்த பாடங்களில் மட்டும்தான் உன் பெயர் இருக்கும். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

பதினாலாம் பாடத்தைத் திறந்தேன். மேலே இருந்த உன் பெயரை அழித்தேன். ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அந்த இடத்தில் என் பெயரை அடித்தேன்.

உன் பக்கத்து நாற்காலித் தங்கச்சி,
பாண்டீஸ்வரி